கனரக இயந்திரத்துக்கான தளச்சுமையை எப்படிக் குறிப்பிடுவது?

வணக்கம். முதல் மாடியில் நிறுவவிருக்கும் 4 டன் இயந்திரம் ஒன்றுக்கான தளச்சுமைத் தேவையைக் கட்டமைப்புப் பொறியாளருக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். 2 மீட்டருக்கு 2 மீட்டர் பரப்பில் சராசரியாகப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 1 டன், அதாவது ஏறக்குறைய 10 கிலோநியூட்டன் வருகிறது. ஆனால் எடை முழுவதும் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள நான்கு சதுரக் கால்தட்டுகள் வழியாகவே இறங்குவதால், அது சமமாகப் பகிரப்பட்டாலும்கூட ஒவ்வொரு தட்டின் அடியிலும் அழுத்தம் அதைப்போல் 100 மடங்காகிறது. எனவே சராசரியை மட்டும் எழுதிக் கொடுப்பது ஆபத்தானது என்றே கருதுகிறேன்.

எனக்குக் கிடைத்த விவரத்தாளில் நிலையான எடை மட்டுமே இருக்கிறது. இயங்கும்போது ஏற்படும் அதிர்வுச் சுமையை உற்பத்தியாளரிடம் எந்த வடிவில் கேட்டுப் பெறுவது? இயந்திரத்தை உருட்டிச் செல்லும் வழித்தடத்தின் சக்கரச் சுமையையும் இதே ஆவணத்தில் சேர்க்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் அருள்கூர்ந்து விளக்குங்கள்.