ஃபிகரோ, பார்பர், டோஸ்கா, டிராவியாட்டா: எந்த ஒலிப்பதிவைக் கேட்பது?

கும்பகோணம் பாட்டு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலேயே வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். அவள் அனுப்பிய ஒரு பாட்டில் ஆரம்பித்து, ஆப்பரா பக்கம், அதாவது பாட்டாலேயே நடக்கும் மேல்நாட்டு நாடகத்தின் பக்கம் வந்து மாட்டிக்கொண்டேன். ஒரே நாடகத்துக்கு இத்தனை பதிவுகள் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்றைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்ததுதான் நன்றாக இருக்குமோ என்று மனசு தாவுகிறது.

நான்கு நாடகங்கள் வைத்திருக்கிறேன். மொசார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமணம்’, ரோசினியின் ‘செவில் நகரத்து பார்பர்’. இரண்டும் சிரிப்பு. புச்சினியின் ‘டோஸ்கா’, வெர்டியின் ‘லா டிராவியாட்டா’. இரண்டும் அழுகை. ஆளுக்கு ஒரு பதிவு சொன்னால் போதும், பட்டியல் வேண்டாம்.

எனக்கு இரண்டு சங்கடம். இத்தாலிய மொழி சுத்தமாகத் தெரியாது. அப்புறம் அந்தக் குரல் நடுக்கம். கமகம் என்றால் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று காதுக்குத் தெரியும். இங்கே சிலர் பாடும்போது ஸ்வரம் எந்த இடத்தில் நிற்கிறது என்றே பிடிபடவில்லை. மரியா காலஸ் பெரிய மேதை என்கிறார்கள். நான் கேட்ட டோஸ்காவில் மேல் ஸ்தாயிக்குப் போனாலே அவர் குரல் ஆடுகிறது. எனக்குத்தான் காது பழகவில்லையா?

மாயவரம் ஜங்ஷன்:

டீச்சர், பழைய பதிவு எதையும் தொடாதீர்கள். 1950களில் எடுத்ததெல்லாம் கரகரவென்றிருக்கும், அதைப் புகழ்கிறவர்கள் பழம்பெருமை பேசுகிறவர்கள். புதிதாக எடுத்த மேடை வீடியோவைப் பாருங்கள். கீழே ஆங்கிலத்தில் வரி ஓடும். கதை புரியும், பாட்டும் தெளிவாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

பேரளம் மைக்செட்:

தங்கச்சி, உங்கள் காதுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் கேட்டது 1964இல் பாரிஸில் எடுத்த டோஸ்காவாக இருக்க வேண்டும், ஜார்ஜ் பிரேத்ர் வாத்தியக் கோஷ்டியை நடத்தியது. அதற்குள் காலஸின் மேல் ஸ்தாயி தளர்ந்துவிட்டது. அதே அம்மாள் 1953 ஆகஸ்டில் மிலான் நகரத்து லா ஸ்காலா ஆப்பரா அரங்கில், விக்டர் டி சபாட்டா நடத்த, இதே டோஸ்காவைப் பாடியிருக்கிறார். மோனோதான், எல்லாச் சத்தமும் ஒன்றாகவே வரும். முதலில் அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், நடுக்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மைக்செட்காரனுக்கு ஆப்பரா எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். காரைக்காலில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ரெக்கார்டு பிளேயரை ரிப்பேருக்குக் கூப்பிட்டார். ஊசி மாற்றி, பெல்ட் மாற்றி, ஓடுகிறதா பார்க்கலாம் என்று அவர் எடுத்துப் போட்ட தட்டு இந்த 1953 டோஸ்கா. பின்னாளில் அவர் பிள்ளைகள் தட்டுகளை எடைக்குப் போடக் கிளம்பியபோது மொத்தத்தையும் நான் வாங்கி வந்துவிட்டேன். கடையில் ஆம்ப்ளிஃபையர்களுக்கு மேலே இன்னும் அடுக்கித்தான் இருக்கிறது.

மாயவரம் தம்பி கரகர என்கிறார். திருவிழாவுக்கு நாலு தெருவிலும் குழாய் கட்டி ஒரே சத்தத்தை அனுப்பிப் பிழைக்கிறவன் நான், மோனோவுக்கெல்லாம் பயந்தவன் இல்லை. அந்த டோஸ்காவின் முதல் அங்க முடிவைக் கேளுங்கள். தேவாலயத்துக்குள் மணி அடிக்கிறது, ஆர்கன் முழங்குகிறது, தூரத்தில் பீரங்கி, கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்து துதி பாடுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியா ஒருவன் மட்டும் டோஸ்காவை எப்படி வளைப்பது, அவள் காதலனை எப்படித் தூக்கில் போடுவது என்று தனக்குள் பேசிக்கொண்டிருக்கிறான். டிட்டோ கோபி பாடுகிறார். கத்தவே மாட்டார். கணக்குப் பார்க்கிற ஆள் வாய்க்குள் கூட்டிக்கொண்டே போவாரே, அந்த மாதிரி ஆரம்பிப்பார். டோஸ்கா, நீ என்னைக் கடவுளையே மறக்க வைக்கிறாய் என்று திடுக்கிட்டு, அடுத்த நொடி கூட்டத்தோடு சேர்ந்து துதி பாடுவான் அந்தப் பாவி. எல்லாச் சத்தமும் ஒரே புள்ளியிலிருந்து வந்தாலும் எது முன்னால், எது பின்னால் என்று பிரித்து வைத்திருக்கிறார் டி சபாட்டா. அந்த வருஷமே அவருக்கு மாரடைப்பு வந்தது. அதற்குப் பிறகு மேடையேறி நடத்துவதை ஏறக்குறைய விட்டுவிட்டார்.

ஸ்டீரியோவில்தான் வேண்டும் என்றால் 1962இல் கரயான் வியன்னாவில் எடுத்தது இருக்கிறது, லியோண்டின் பிரைஸ் பாடியது. குரல் பட்டு. இரண்டாம் அங்கத்தில் ஜன்னலுக்கு வெளியே எங்கோ டோஸ்காவும் கோஷ்டியும் பாடுகிற சத்தம் வரும். உள்ளே விசாரணை நடக்கும். எரிச்சலில் ஸ்கார்ப்பியா ஜன்னலைச் சாத்துவான், பாட்டு பட்டென்று நின்றுவிடும். அந்த மாதிரி இடங்களில் ஸ்டீரியோவுக்கு வேலை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு 1953தான்.

இப்போது சிரிப்புக்கு வருகிறேன். அதே கோபி, அதே காலஸ், 1957இல் லண்டனில் பார்பர் பாடியிருக்கிறார்கள். அல்செயோ கல்லியேரா நடத்தியது, இது ஸ்டீரியோ. டோஸ்காவைக் கேட்ட கையோடு இதைப் போடுங்கள். இதில் பார்பரின் பெயரும் ஃபிகரோதான். அவன் ரோசினா என்ற பெண்ணிடம் வந்து, உன் மேல் ஆசைப்படுகிறவனுக்கு இரண்டு வரி எழுதிக் கொடேன் என்பான். அவள் வெட்கம் என்பாள், எப்படி எழுதுவேன் என்பாள். இவன் விடாமல் தைரியம் சொல்லிக் கொடுப்பான். கடைசியில் அவள் மடியிலிருந்து ஏற்கெனவே எழுதி வைத்த கடிதத்தை எடுத்து நீட்டுவாள். எழுதியே வைத்திருக்கிறாளா, நான் ஒரு மடையன், இவளுக்குப் போய் வாத்தியார் வேலை பார்க்கிறேனே என்று தலையில் அடித்துக்கொள்வான். அந்த நீட்டுகிற இடத்தில் காலஸ் குரலில் ஒரு குறும்பு வரும் பாருங்கள். டோஸ்காவில் ஒரு ஆளைக் கத்தியால் குத்திக் கொன்றவரா இவர் என்று தோன்றும். கோபிக்குக் குரல் வளம் அவ்வளவு கிடையாது, இதைவிட இனிமையாகப் பாடிய பார்பர்கள் உண்டு. ஆனால் அவர் பேசுகிறார். சிரிப்பு நாடகத்துக்கு நான் பதிவு தேர்ந்தெடுப்பது அந்த ஒன்றை வைத்துத்தான்: பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஹார்ப்சிகார்டு என்ற பழைய கட்டை வாத்தியத்தைத் தட்ட தட்ட வேகமாகப் பேசிக்கொள்கிறார்களே, அதில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்களா, இல்லை ஆளுக்கொரு மைக்கைப் பார்த்து ஒப்பிக்கிறார்களா?

நீங்கள் பாட்டு டீச்சர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். பிருகா சுத்தமாக விழ வேண்டுமென்றால் காலஸை விட்டுவிட்டு 1971இல் கிளாவ்தியோ அப்பாதோ நடத்தியதைக் கேளுங்கள். தெரெசா பெர்கான்சா. ரோசினி அந்த வேஷத்தை எழுதியதே தாழ்ந்த பெண் குரலுக்குத்தான், அது இதில் சரியாக அமைந்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட அதுதான் லாயக்கு.

ஃபிகரோ: எரிக் கிளைபர், வியன்னா ஃபில்ஹார்மோனிக், 1955. சேசரே சியெப்பி ஃபிகரோ, ஹில்டே கூடன் அவன் கட்டிக்கொள்ளப் போகிற சூசன்னா, லிசா டெல்லா காஸா பிரபுவின் மனைவி. இரண்டாம் அங்கத்தின் கடைசி இருபது நிமிஷம் போதும், நான் ஏன் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும். பிரபுவும் மனைவியும் சண்டை போடுவதில் ஆரம்பிக்கும். சூசன்னா வந்து சேர்வாள், ஃபிகரோ வருவான், அப்புறம் தோட்டக்காரன் உடைந்த பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான், மாடி ஜன்னலிலிருந்து எவனோ என் செடி மேல் குதித்துவிட்டான் என்று. முடியும்போது ஏழு குரல். கிளைபர் எங்கேயும் விரட்டுவதில்லை, எங்கேயும் தொய்வதும் இல்லை. நான்காம் அங்கத்தில் வழக்கமாக வெட்டிவிடும் பாட்டுகளையும் வைத்திருக்கிறார். மார்செலினா என்ற இன்னொரு பாத்திரத்தின் பாட்டை மட்டும் சூசன்னாவாக வரும் கூடனே பாடிவிடுகிறார், அது ஒரு கூத்து.

டிராவியாட்டாவுக்கு அந்த எரிக் கிளைபரின் மகன் கார்லோஸ் கிளைபர். 1977இல் வெளிவந்தது, இலேயானா கொத்ருபாஷ், டொமிங்கோ. கொத்ருபாஷின் குரலில் முதல் அங்கத்திலேயே கதாநாயகியின் நோய் தெரியும். காலஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 1958 லிஸ்பன் மேடைப் பதிவு இருக்கிறது. அதில் பின்னாலிருந்து வரி எடுத்துக் கொடுக்கிற ஆளின் குரலும் கூடவே கேட்கும். எனக்கு அது பழக்கம்தான், நம் ஊர் நாடக மேடையில் கேட்காததா.

மொழி விஷயம். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்கு நடக்கிற பாகவத மேளா முழுக்கத் தெலுங்கு, வெங்கடராம சாஸ்திரி எழுதியது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து விடிய விடிய உட்காருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரியும்? பிரகலாதன் கதை தெரியும், அது போதும். டோஸ்காவும் அப்படித்தான், கதையை ஒரு முறை படித்துவிட்டு உட்காரலாம். சிரிப்புக்கு அது செல்லாது. யார் எப்போது யாரை ஏமாற்றுகிறார்கள் என்று வரிக்கு வரி தெரிந்தால்தான் சிரிப்பு வரும். ஃபிகரோவுக்கும் பார்பருக்கும் மட்டும் இத்தாலியமும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவையாறு வயலின்:

மைக்செட் அண்ணன் சொன்ன டோஸ்காவில் எனக்குப் பேச்சே இல்லை. ஃபிகரோவில் மட்டும் நான் ஒத்துவர மாட்டேன். அண்ணனே பேச்சைக் கேள் என்கிறார். கிளைபர் பதிவில் சியெப்பியைத் தவிர்த்தால் பல பேர் வியன்னா மேடைக்காரர்கள், இத்தாலியம் நாக்கில் அவ்வளவாகப் புரளாது. 2004இல் ரெனே ஜேக்கப்ஸ் வெளியிட்ட பதிவைக் கேட்டுப் பாருங்கள். மொசார்ட் காலத்து வாத்தியங்கள். பேச்சு வரும் இடங்களில் ஃபோர்ட்டேபியானோ என்ற அந்தக் காலத்துப் பியானோ வாசிக்கிறவர் சும்மா சுருதி பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. கிண்டல் அடிக்கிறார், பதில் சொல்கிறார், பாத்திரம் பொய் சொன்னால் காட்டிக்கொடுக்கிறார். பக்கவாத்தியக்காரியாக எனக்கு அது ஒன்றே போதும். வயலின்களில் நடுக்கம் குறைவு என்பதால் டீச்சருக்கும் பிடிக்கும்.

இன்னொன்று, மொசார்ட்டின் ‘டான் ஜியோவான்னி’யை யாரும் சொல்லவில்லையே? அதைச் சிரிப்பில் சேர்ப்பதா, அழுகையில் சேர்ப்பதா? கொலையில் ஆரம்பித்து நரகத்தில் முடிகிறது; நடுவில் வேலைக்காரன் எஜமானின் காதலிகளை நாடுவாரியாகக் கணக்கு வாசிக்கிறான், ஸ்பெயினில் மட்டும் 1003. மொசார்ட் தன் குறிப்பேட்டில் அதைச் சிரிப்பு நாடகம் என்றே எழுதி வைத்திருக்கிறார். 1959இல் கார்லோ மரியா ஜூலினி லண்டனில் எடுத்த பதிவு என் கட்சி. கிளெம்பரர் நடத்த வேண்டியது, அவருக்கு உடம்பு முடியாமல் ஜூலினி கைக்கு வந்தது. அந்தக் கணக்கு வாசிக்கிற ஜுசெப்பே தாத்தேயிக்காகவே கேட்கலாம்.

ஒரு உபரித் தகவல்: பார்பர் 1816இல் ரோமில் அரங்கேறிய அன்று விசில் அடித்துக் கலாட்டா செய்துவிட்டார்கள், அதே கதைக்கு முன்பே இசையமைத்த பாயிசியெல்லோவின் ஆட்கள். மறுநாளே வெற்றி. அந்த வருஷம் எங்கள் ஊரில் தியாகராஜர் இருந்தார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாமல் போனதை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது.

பேரளம் மைக்செட்:

வயலின் தங்கச்சி, ஜேக்கப்ஸ் பதிவை நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் பியானோக்காரர் கெட்டிக்காரர்தான், ஆனால் நாடகத்தில் வேஷம் கட்டாத ஆள் இவ்வளவு பேசக்கூடாது. கடைசிக் காட்சியில் பிரபு மண்டியிட்டு மனைவியிடம் மன்னிப்புக் கேட்பானே, அங்கே எனக்கு டெல்லா காஸா வேண்டும். டான் ஜியோவான்னிக்கு ஜூலினி, மறுபேச்சு இல்லை. அதே தாத்தேயி ஜூலினியோடு அதே வருஷம் ஃபிகரோவும் பாடியிருக்கிறார், அதையும் டீச்சர் குறித்துக்கொள்ளட்டும்.

கும்பகோணம் பாட்டு டீச்சர்:

அண்ணே, 1953 டோஸ்கா கேட்டேன். ஆமாம், அதே ஆள் என்று நம்ப முடியவில்லை. இரண்டாம் அங்கத்தில் ஒரு பாட்டு பாடி முடிக்கும்போது மேலே போன ஸ்வரத்தைப் பிடித்து, அதை ஆடவிடாமல் மெலிதாக்கிக் கீழே கொண்டுவருகிறார். அந்த இடத்தை மட்டும் என் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டினேன். ஒருத்தி, மிஸ் இந்தம்மா அழுகிறாங்களா பாடுறாங்களா என்று கேட்டாள்.

பார்பரில் கடிதம் நீட்டுகிற இடம் வரை பிரதியை வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு சந்தேகம்: லிஸ்பன் டிராவியாட்டா என்று தேடினால் இரண்டு மூன்று வருகின்றன. ஒன்றில் சுருதி பெட்டியை வைத்துப் பார்த்தால் சற்று ஏறியிருக்கிறது. பதிவே அப்படியா?

பேரளம் மைக்செட்:

இல்லை. மேடையில் டேப்பில் பிடித்தது, வேகம் சரியில்லாத மெஷினில் போட்டு நகல் எடுத்திருப்பார்கள். வேகம் கூடினால் சுருதியும் கூடவே ஏறும். சுருதி பெட்டியோடு ஒத்துப்போகிற பிரதி எதுவோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். இயர்போனில் கேட்பதாக இருந்தால் மோனோ பதிவுக்கு ஃபோனில் எக்கோ, சரவுண்ட் என்று எது ஆனில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அது கோபியைக் கிணற்றுக்குள் இறக்கிவிடும்.