'டு கில் எ மாக்கிங்பேர்ட்' இன்றைய நிறவெறியைப் புரியவைக்கிறதா?

கதிரவன்:
ஹார்ப்பர் லீயின் இந்த நாவல் (1960) அமெரிக்க நீதிமன்றங்களில் நிறவெறி இன்றும் எப்படி இயங்குகிறது என்று காட்டுகிறது என்பதே என் கட்சி. கதை நடப்பது 1930களின் அலபாமாவில். வெள்ளைக்காரப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பர்மீது பொய் வழக்கு. அவள் முகத்தில் அடி விழுந்தது வலப்பக்கம். எதிரே நின்று அப்படி அடிப்பவர் பெரும்பாலும் இடக்கைக்காரர். டாமுக்கோ இடக்கையே விளங்காது. வக்கீல் ஆட்டிகஸ் இதைக் கண்ணெதிரே காட்டியும் வெள்ளையர் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) 'குற்றவாளி' என்றது.

மாலதி:
டாம் அந்த நாவலில் எவ்வளவு பேசுகிறார், கதிர்? சாட்சிக் கூண்டை விட்டால் அநேகமாக ஒன்றுமில்லை. வாசகர் மனதில் நிற்பது நல்ல வெள்ளைக்கார வக்கீல்தான். அடிமையாக இருந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இலேயே தன் கதையைத் தானே எழுதிவிட்டாரே!
அப்புறம், லீயின் சொந்த ஊரான மன்ரோவில்லையே பாருங்கள். 1986இல் அங்கே ஒரு வெள்ளை இளம்பெண் கொல்லப்பட்டார். பொய்ச் சாட்சிகளை வைத்து வால்டர் மக்மில்லியன் என்ற கறுப்பரைப் பிடித்துப் போட்டார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில் இருந்ததாகப் பலர் சொல்லியும் பயனில்லை. ஜூரியில் 11 வெள்ளையர், ஒரு கறுப்பர். அவர்கள் ஆயுள் தண்டனை போதும் என்றார்கள். நீதிபதி அதை மரண தண்டனையாக்கினார். 1993இல்தான் விடுதலை. அந்த நாவலைக் கொண்டாடி, பழைய நீதிமன்றத்தில் நாடகமாகவும் போடும் ஊர் அது. படித்து என்ன ஆயிற்று?

கதிரவன்:
ஊர் திருந்தவில்லை, சரி. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குக் காட்டியது அந்த ஜூரிப் பெட்டிதான். மிசிசிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பரை ஒரே வழக்கில் ஆறு முறை விசாரித்தார்கள். ஜூரிக்கு வரக்கூடிய 42 கறுப்பர்களில் 41 பேரை அரசுத் தரப்பு நீக்கியது. 2019இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

சலீம்:
தீர்ப்புக்குப் பிறகு ஆட்டிகஸும் மகன் ஜெம்மும் ஜூரியைப் பற்றிப் பேசும் இடத்தை இருவரும் மறுபடி பாருங்கள். பெண்கள் ஜூரியில் உட்கார முடியாது என்று பேச்சு வருகிறது. கறுப்பர்கள் ஏன் இல்லை என்று யாருமே கேட்பதில்லை.

கதிரவன்:
அந்த இடத்தையே வகுப்பில் வாசிக்கலாமே. விட்டுப்போன கேள்வியைப் பிள்ளைகள் கேட்கட்டும்.

மாலதி:
கேட்கட்டும். ஆனால் டக்ளஸைப் படித்து முடித்த பிறகு.