பால் ஒட்டிய நோட்டு: சுங்கை சிப்புட் இலக்கிய விழாவில் நான் சந்தித்தவர்

இலக்கிய விழாக்களில் சந்தித்த மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நான் சந்தித்தவர் எழுத்தாளர் இல்லை, எழுத்தாளரின் மனைவி. அவருடைய கணவரை எழுத்தாளர் என்று அந்த நாள்வரை யாரும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டங்கள். ஒரு காலத்தில் எல்லாம் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் நாங்களே சேர்ந்து, எழுத்தாளர்களையும் கவிஞர்களையும் அழைத்து, தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு நாள் விழா வைத்தோம். காலையில் உரைகள், மதியம் கவியரங்கம், மாலையில் பறையும் கும்மியும். மண்டபத்துக்கு வெளியே, வராந்தாவில், ஒரு மேசை. 'வீட்டில் இருக்கும் பழைய எழுத்துகளைக் கொண்டு வாருங்கள்' என்று அட்டையில் எழுதி வைத்திருந்தோம். அந்த மேசைக்கு நான் பொறுப்பு.

காலை நிகழ்ச்சி ஒன்றே கால் மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது. சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்தோம். அவர் வந்ததும் பொன்னாடைகள். பதினோரு பேருக்குப் போர்த்தினார்கள். அந்த நேரத்தையெல்லாம் கவியரங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். தெலுக் இந்தானிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் இளம் கவிஞருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைத்தது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த முறை பொன்னாடை வேண்டாம் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், விடாமல் சொல்வேன்.

ஆனால் ஓர் உரை நன்றாக இருந்தது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பைப் பற்றிப் பேசினார்கள். பத்திரிகையிலேயே பாடம் வரும்: கதை என்றால் என்ன, எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது. தோட்டத்தில் இருந்தவர்கள் அதைப் படித்து எழுதி அனுப்பினார்கள். அப்படி உருவானவர்கள்தான் பிறகு இங்கே சிறுகதையைத் தூக்கி நிறுத்தினார்கள். இந்த உரையை ஒலிபெருக்கி வழியாகத்தான் வராந்தாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அம்மா வந்தார்.

எண்பது வயது இருக்கும். கையில் நெகிழிப்பை. பேத்தி கூட வந்திருந்தாள். என் எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே பேச்சு நின்று கை தட்டினார்கள். அதற்கப்புறம் கேட்டார்.

"தம்பி, இப்ப அந்த ஐயா கதை வகுப்புன்னு சொன்னாரே, அது பேப்பர்ல வந்ததா?"

"ஆமாம்மா. தமிழ் நேசன்ல."

"எங்க மாமா, அதான் எங்க வீட்டுக்காரரோட அண்ணன், அத வெட்டி வெட்டி வெச்சிருந்தாராம். எங்க வீட்டுக்காரருக்கு எழுதச் சொல்லிக் குடுத்ததே அவருதான்."

பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த பழைய நோட்டு. அட்டை மடங்கி, முதுகில் தையல் போட்டிருந்தது. திறந்ததும் ஒரு வாடை வந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒட்டுப்பால் வாடை, காய்ந்த ரப்பர்ப் பாலின் வாடை. பக்கம் பக்கமாகப் பத்திரிகைத் துண்டுகள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் தேன் நிறத்தில், சில இடங்களில் கறுப்பாகவே, ஒரு கோடு ஓடியது. முதலில் தண்ணீர்க் கறை என்று நினைத்தேன். விரலால் தடவினால் வழவழப்பாகவும் கொஞ்சம் இழுவையாகவும் இருந்தது.

"பால்தான் தம்பி. கோந்து வாங்கக் காசு ஏது? மரத்துல கட்டுன மங்குல மிஞ்சுன பால விரல்ல தொட்டு ஒட்டுவாரு. அமோனியா ஊத்தாத பால். சட்டுனு பிடிச்சுக்கும்."

நானும் சின்ன வயதில் அப்படிப் பட்டம் ஒட்டியிருக்கிறேன். ஐம்பது வருடம் கழித்தும் அது பிடியை விடவில்லை. எந்தத் துண்டையும் பிரித்து எடுக்க முடியாது.

மொத்தம் 23 துண்டுகள். ஒன்பது, ஆசிரியருக்கு எழுதிய கடிதங்கள். அதில் ஒன்று தோட்டத் துண்டாடலைப் பற்றியது: வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டத்தைக் கூறு போட்டு விற்கிறார்கள், நாமே சேர்ந்து நிலம் வாங்க வேண்டும், சங்கத்தில் பங்கு சேருங்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் ஊரைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் சொல்கிறார். மீதி பதினான்கும் கவிதைகள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு புனைபெயர். அந்த அம்மாவின் பெயரோடு 'தாசன்' என்று சேர்த்திருந்தார். பேத்தி அதைப் படித்துவிட்டுப் பாட்டியைப் பார்த்தாள். பாட்டி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாராம், ஆனாலும் தன் பெயர் தெரியும்.

பதினோராவது பக்கத்தில் இருந்த கவிதையை இங்கே தருகிறேன். குடும்பத்தில் அனுமதி வாங்கிவிட்டேன்.

சிவப்புக் கார்டு என் அண்ணனுக்கு,
கப்பல் ஏறிப் போய்விட்டான்.
அவன் நட்டு வளர்த்த நிரையிலே
நான்தான் இன்று வெட்டுகிறேன்.
அவனை அனுப்பிய துரைமாரே,
மரத்துக்கு என்ன கார்டு கொடுத்தீர்?

சின்னவர்களுக்காக ஒரு வார்த்தை. நிரை என்றால் ரப்பர் மர வரிசை, வெட்டுவது என்றால் பால் எடுக்க மரத்தின் பட்டையைச் சீவுவது. கார்டு என்பது ஐசி, அடையாள அட்டை. குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல ஐசி, இல்லாதவர்களுக்குச் சிவப்பு. 1968இல் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து சிவப்பு ஐசிக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். இங்கேயே பாதி ஆயுளைக் கழித்தவர்கள், விண்ணப்பம் போடத் தெரியாதவர்கள், ஆயிரக்கணக்கில் பினாங்கில் கப்பல் ஏறினார்கள். ரஜூலா கப்பல் என்றால் எங்கள் பெரியவர்கள் இன்னும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள். அந்த அம்மாவின் மாமாவும் ரஜூலாவில்தான் போனார்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். துண்டுகளில் தேதி இல்லை, பத்திரிகைப் பெயரும் இல்லை. கவிதையை மட்டும் ஓரம் ஒட்ட வெட்டி ஒட்டிவிட்டார். என்றைக்கு, எதில் வந்தது என்று தெரியாவிட்டால் எந்த ஆய்விலும் எந்தத் தொகுப்பிலும் இதற்கு இடம் கிடைக்காது.

மேசையில் உதவிக்கு இருந்த ஐந்தாம் படிவ மாணவன்தான் வழி கண்டுபிடித்தான். நோட்டின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். துண்டின் பின்பக்கத்தில் இருந்த எழுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி லேசாகத் தெரிந்தது. போனில் படம் பிடித்துப் படத்தைத் திருப்பினான். ஒரு செய்தியின் நடுப்பகுதி. 'சந்திர', 'ஆம்ஸ்ட்', அப்புறம் ஒரு முழு வரி: 'பத்திரமாகத் திரும்பி வந்தனர்.'

1969 ஜூலை. நிலவில் இறங்கியவர்கள் கடலில் வந்து விழுந்தது 24ஆம் தேதி. கவிதை ஞாயிறு மலரில் வந்திருந்தால் 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பையன் அதைச் சொன்னபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே யாருக்கோ பொன்னாடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா ஒன்றுதான் கேட்டார்: "இத யாராச்சும் புத்தகத்துல போடுவாங்களா?" எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி நோட்டு இருந்தால் தயவுசெய்து துண்டுகளைப் பிய்க்காதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள், ஒரு முறை சூடு பட்டுப் பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடியுங்கள். வெறும் விளம்பரமாகத் தெரிந்தாலும் பின்பக்கத்தையும் பிடியுங்கள்.

*

கிள்ளானிலிருந்து:

படித்துவிட்டு உடனே எழுதுகிறேன் ஐயா. எங்கள் பக்கத்து இலக்கிய நிகழ்ச்சி ஒன்றில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். பால் வெட்டி ஓய்வு பெற்றவர். கேள்வி நேரத்தில் எழுந்தார், கேள்வி கேட்கவில்லை. தான் இளமையில் எழுதிய விருத்தம் ஒன்றை, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சீர் பிசகாமல் சொன்னார். நெறியாளர் இரண்டு முறை நேரமாகிறது என்றார். அவர் நிறுத்தவில்லை, நாங்களும் விடவில்லை. பிரதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, லயத்தில் வெள்ளம் வந்தபோது எல்லாம் போய்விட்டது, அதனால்தான் மனப்பாடம் செய்தேன் என்றார். நான் போனில் பதிவு செய்திருக்கலாம். செய்யவில்லை. அடுத்த ஆண்டு அவர் வரவில்லை.

தனி ஆட்கள் இதைச் செய்ய முடியும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்த முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரை நூறாண்டுக் கவிதைகளைத் தேடிச் சேர்த்து மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் கொண்டுவந்தார். வீடு வீடாக எத்தனை நோட்டுகளைத் திறந்து பார்த்திருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

*

ஈப்போவிலிருந்து:

அன்று நானும் வந்திருந்தேன். தாமதம் தாங்காமல் பத்தரைக்கே கிளம்பிவிட்டேன். வராந்தா வழியாகத்தான் போனேன், மேசையைப் பார்த்தேன், நிற்கவில்லை. வருத்தமாக இருக்கிறது. என் அப்பாவின் பெட்டியைத் திறந்து இன்னும் பார்த்ததில்லை. நாளை பார்க்கிறேன்.

*

சிங்கப்பூரிலிருந்து, சுங்கை சிப்புட்டில் பிறந்தவன்:

அண்ணா, இங்கே தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் முரசு அங்கேயும் வரும் அல்லவா? நேற்று இரவு 1969 ஜூலை கடைசி வாரத்தையும் ஆகஸ்ட் முதல் இரண்டு வாரங்களையும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். நிலாச் செய்தி இருக்கிறது. கவிதை என் கண்ணில் படவில்லை. பழைய அச்சு, சில பக்கங்கள் மங்கல், அதனால் இன்னொரு முறை பார்க்கிறேன். ஆனால் எழுத்துரு வேறு மாதிரி இருப்பதுபோல் தோன்றுகிறது. கோலாலம்பூர்ப் பத்திரிகையாக இருக்கும் என்பது என் ஊகம். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கே இந்திய ஆய்வியல் துறை 1956லிருந்து இருக்கிறது.

உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'மரத்துக்கு என்ன கார்டு' என்ற இடத்தில் திரும்பப் படி என்றார்கள்.

*

மறுபடியும் நான்:

மூவருக்கும் நன்றி. சிங்கப்பூர்த் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். நோட்டு முழுவதையும் படம் பிடித்தாகிவிட்டது. மாணவனும் வந்து எட்டுத் துண்டுகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டான். ஒன்றில் தீபாவளிச் சேலை விளம்பரம், ஒன்றில் கால்பந்துச் செய்தி, மற்றவற்றில் இன்னும் பிடி கிடைக்கவில்லை. கோலாலம்பூருக்குப் போக நூலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துக்கொண்டிருந்தபோது முரசில் கிடைக்கவில்லை என்ற விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்த வாரம் ரெண்டு பேப்பர் வாங்குனாரு தம்பி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அதுக்குச் சண்டை போட்டேன். ஒண்ணுல வெட்டி ஒட்டுனாரு. இன்னொண்ண முழுசா மடிச்சு அண்ணனுக்கு அனுப்பிட்டாரு."

"எந்த ஊருக்கும்மா?"

"சேலம் பக்கம். அவரு போட்ட ஏர்மெயில் கவர் ஒண்ணு இங்கதான் எங்கயோ இருக்கு. அதுல விலாசம் இருக்கும்."

வெட்டாத முழுப் பத்திரிகை. பெயரோடு, தேதியோடு. மாமா இறந்து பல வருடம் ஆகிறது, ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்களாம். அலமாரிக்கு மேலே மூன்று பெட்டிகள் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை பேத்தியும் நானும் அந்தப் பையனும் அவற்றை இறக்குகிறோம்.