ஹான்சலும் கிரேட்டலும் ஓப்பெரா: கனவுக் காட்சி, அடுப்பு - யோசனை தேவை

திரைச்சீலை:
வணக்கம். ஜெர்மனியில் ஒரு சின்ன நகர அரங்கில் ஹும்பர்டிங்கின் ‘ஹான்சலும் கிரேட்டலும்’ என்ற இசைநாடகம் (காட்டில் வழிதவறிய இரு பிள்ளைகள் சூனியக்காரியிடம் சிக்கும் கதை) புதிதாக மேடையேறுகிறது. மேடை அமைப்பு என் பொறுப்பு. இரண்டாம் அங்கக் கடைசியில் வரும் கனவுக் காட்சிக்கு 14 தேவதைகள் கட்டாயமா, ஏழெட்டுப் பேரை வைத்து ஒப்பேற்றலாமா? மூடுபனிக்கு ட்ரை ஐஸ் போதுமா? சூனியக்காரியைத் தள்ளிவிடும் அடுப்பை எப்படிக் கட்டுவது?

பின்மேடை:
14-ஐக் குறைக்காதீர்கள். தூங்குமுன் பிள்ளைகள் பாடும் பிரார்த்தனையிலேயே கணக்கு இருக்கிறது. தலைமாட்டில் இருவர், கால்மாட்டில் இருவர், வலப்பக்கம் இருவர், இடப்பக்கம் இருவர், போர்த்திவிட இருவர், எழுப்பிவிட இருவர், சொர்க்கத்துக்கு வழிகாட்ட இருவர். அதைக் கேட்ட கையோடு பார்ப்பவர்கள் எண்ணத்தான் செய்வார்கள். இறக்கை இல்லாவிட்டால் பரவாயில்லை. ரிச்சர்ட் ஜோன்ஸ் தயாரிப்பில் (வெல்ஷ் நேஷனல் ஓப்பெரா 1998, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பெரா 2007) 14 சமையல்காரர்கள் வந்து விருந்து படைப்பார்கள். பசியோடு தூங்கிய பிள்ளைகளின் கனவு என்பதால் அது அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

ட்ரை ஐஸ் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. அதிலிருந்து வருவது கரியமில வாயு. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளாக நடிக்கும் பாடகிகள் இருவரும் தரையில் படுத்திருப்பார்கள், மூக்கு சரியாக அந்த மட்டத்தில்! அவர்களை ஒரு மேட்டில் படுக்க வையுங்கள், புகை மேட்டுக்குக் கீழேயே நிற்கட்டும். வழிந்தால் நேரே இசைக்குழுவின் பள்ளத்தில் இறங்கும். மேடை விளிம்பில் ஒரு தடுப்புப் பலகை அடித்து, பின்பக்கத்திலிருந்து கொஞ்சமாக விடுங்கள். ஒத்திகையிலேயே தலைமாட்டிலும் பள்ளத்திலும் வாயு அளவுமானி வைத்துப் பாருங்கள். தண்ணீரால் இயங்கும் தாழ்புகை இயந்திரம் இந்த ஆபத்தைத் தவிர்க்கும், ஆனால் தரை ஈரமாகி வழுக்கும்.

கரித்துண்டு:
அடுப்புக்கு முதுகு இருக்கக்கூடாது. வாய்க்குப் பின்னால் கறுப்புத் துணி, அதற்கு அப்பால் தடித்த மெத்தை, பிடித்து இழுக்க ஒரு ஆள். தீக்கு ஆரஞ்சு எல்இடி விளக்கே போதும், நிஜ நெருப்பு வேண்டாம். கதையில் அடுப்பு வெடித்து இடியும், ஆனால் தள்ளியவுடன் அல்ல. நடுவில் பிள்ளைகள் ஆடும் வால்ஸ் நடனம் இருக்கிறது, சூனியக்காரி வெளியேற அந்த நேரம் தாராளம். இருந்தாலும் பின்னால் இருப்பவர் ஒரு சுவிட்சைத் தட்டி, மேடை மேலாளரின் மேசையில் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் அடுப்பு இடிய வேண்டும்.

பலர் மறப்பது ஒன்று: இடிபாட்டிலிருந்து சூனியக்காரியை ஒரு பெரிய தேன்கேக்காக வெளியே இழுப்பார்கள். அந்தப் பொம்மையை முன்கூட்டியே உள்ளே வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் விழுகிறவர் அதன்மேலேயே விழுவார். பக்கச் சுவரில் செங்குத்தாக ஒரு பொந்து விடுங்கள்.

திரைச்சீலை:
பொந்து யோசனைக்கு மிக்க நன்றி. சூனியக்காரியின் மந்திரத்தால் கேக்காக மாறிய குழந்தைகளின் கோரஸுக்கு ஏதாவது தனி ஏற்பாடு தேவையா?

பின்மேடை:
கட்டாயம். கிரேட்டல் தொடும்வரை அவர்கள் கண்ணை மூடியபடியே பாட வேண்டும், இசைக்குழுவை நடத்துபவரின் கை தெரியாது. அதனால் பாட ஆரம்பிக்கும் இடத்தைக் காதால் பிடிக்கப் பழக்குங்கள். அவர்கள் வரிசையாக நிற்கும் வேலிக்குப் பின்னால் தாழ்வாக ஒரு ஒலிபெருக்கி வைத்து இசைக்குழுவின் ஒலியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அரைத் தாளம் பிந்துவார்கள். ஓரத்தில் நிற்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நன்றாகப் பாடுகிற ஒரு பெரிய பிள்ளையை நிறுத்துங்கள்.