வரப்போற அந்தப் பெட்டி: எஸ்டிஆர்ல உங்களுக்கு நடந்த ஒண்ணைச் சொல்லுங்க

மதுரை மொட்டைமாடி:

வரப்போற புது எஸ்டிஆர் பெட்டியோட படத்தை எல்லாரும் பார்த்தாச்சு. எஸ்டிஆர்னா மென்பொருளை வச்சு சிக்னலைப் பிரிச்சுக் கேட்கிற ரேடியோ. 16 பிட்டாம் (பிட் கூடக் கூட சிக்னலை நுணுக்கமா அளக்கும்), கேட்கிறதோட சிக்னல் அனுப்பவும் செய்யுமாம், பேட்டரியில ஓடுமாம். மூணு நாளா இதே பேச்சு. விலை வரட்டும், அப்புறம் பேசிக்கலாம். அதுக்கு முன்னாடி, எஸ்டிஆரை வச்சு உங்களுக்கு நடந்ததுல இன்னும் மனசை அரிக்கிறது எதுவோ அதை எழுதுங்க. அந்தப் பெட்டிகிட்ட நமக்கு என்ன வேணும்கிறது அதுலயே தெரிஞ்சிடும்.

என்னுது இது. ராத்திரி பத்தரை இருக்கும். 2832 சிப் வச்ச யுஎஸ்பி டாங்கிள் (சின்ன எஸ்டிஆர்), கீழ் அலைவரிசையை அதுக்கு எட்டுற மாதிரி மேலே ஏத்துற அப்கன்வெர்ட்டர், மாடியில நீட்டமா ஒரு கம்பி. ஹாம் ரேடியோக்காரங்க பேசுற 40 மீட்டர் பேண்டு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) முழுக்க மஞ்சள், வாட்டர்ஃபால்ல, அதான் சிக்னலை நிறமாக் காட்டுற திரைப் படத்துல, பட்டை பட்டையா இரைச்சல். திடீர்னு தெருவே இருட்டாச்சு. லேப்டாப் மட்டும் ஓடுது. திரையில மேலேர்ந்து கருநீலம் இறங்குது, அழுக்குச் சுவத்துல தண்ணி ஊத்திக் கழுவின மாதிரி. அந்த நீலத்துக்குள்ள ஊசியால கீறின ஏழெட்டுக் கோடு. 7.020 பக்கத்துல ஒண்ணைத் தொட்டேன். மோர்ஸ். ரொம்ப மெல்லிசு, ஆனா அவசரமே இல்லாத கை. சிக்யூ, அதாவது "யாராவது இருக்கீங்களா"ன்னு போட்டுக்கிட்டே இருந்தார். அவரோட அடையாளக் குறியான கால்சைன்ல முதல் ரெண்டு எழுத்தைப் பிடிச்சேன், கரண்ட் வந்திருச்சு. கோடு மஞ்சளுக்குள்ள முங்கிப்போச்சு.

நாலு வருஷம் ஆச்சு. யாருன்னு தெரியாது. அவர் தினமும் அங்கதான் கூப்பிடுறாரோ என்னவோ.

வேதாரண்யம் உப்புக்காத்து:

கஜா புயல். 2018 நவம்பர் 15, சாயங்காலம். மாடியில வி டைபோல் (ரெண்டு கம்பியை வி வடிவத்துல வச்ச ஆன்டெனா), கை ஒண்ணு 53 சென்டிமீட்டர், 120 டிகிரி, வடக்கு தெற்கா. உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 137 மெகாஹெர்ட்ஸ்ல அமெரிக்க வானிலை சாட்டிலைட் நோவா ஏறி வருது, டிக் டாக் டிக் டாக்னு படம் வினாடிக்கு ரெண்டு வரி. காத்து கம்பியை ஆட்டுது, படத்துல நடுநடுவே கோடு விழுது. அம்மா பின்னாடி வந்து நின்னு, "இதுல நாம எங்கடா இருக்கோம்?"னு கேட்டாங்க. நம்ம கரை மேல விரலை வச்சேன். விரலுக்கும் அந்தச் சுருளோட ஓரத்துக்கும் நடுவுல இடமே இல்ல.

டிவியில காலையிலேர்ந்து அதே படம்தான் காட்டுறான். ஆனா என் கம்பியில விழுந்ததைப் பார்த்துதான் போய் மாட்டை அவுத்துவிட்டேன். நடுராத்திரி தாண்டிக் கரை கடந்துச்சு. கொட்டகை மாட்டுக் கட்டுத்தறி மேலயே விழுந்து கிடந்துச்சு. கரண்ட் வர வாரக்கணக்காச்சு.

அந்த நோவா மூணையும் 2025ல நிறுத்திட்டாங்க. இனி ரஷ்யாவோட மீட்டியோர்-எம் சாட்டிலைட்தான். அது டிஜிட்டல், பிரிக்கிறதுக்கு கம்ப்யூட்டர் வேணும். லேப்டாப் இல்லாம, பேட்டரியில, அந்தப் பெட்டி தானாவே படத்தைப் பிரிச்சுக் காட்டுமா? நான் கேட்கிறது அது ஒண்ணுதான்.

கோவை ரெண்டு மீட்டர்:

மதுரை அண்ணே, விலை வந்ததும் முன்பணம் மட்டும் கட்டிடாதீங்க. நான் கட்டினேன், வேற ஒரு எஸ்டிஆர் சர்க்யூட் பலகைக்கு. பேர் வேண்டாம். பாதி மாசச் சம்பளம். "அடுத்த மூணு மாசத்துல அனுப்பிடுவோம்"னு பதினோரு மெயில் வந்துச்சு. பன்னிரண்டாவது வந்தப்ப சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டிருந்தேன். மூணே வரி. சிப் கிடைக்கல, பணம் தீர்ந்துபோச்சு, மன்னிச்சிடுங்க. நான் ஏறவேண்டிய பஸ் போயிருச்சு, கவனிக்கவே இல்ல.

அவங்க போட்டிருந்த வரைபடத்தை வச்சு அளவெடுத்து, அலுமினியப் பெட்டி ஒண்ணுல ஆன்டெனா மாட்டுற எஸ்எம்ஏ கனெக்டருக்கு ஓட்டை மூணும் போட்டு வச்சிருந்தேன். பரண்ல கிடக்கு. வேற எந்தப் பலகையும் அந்த ஓட்டைக்குப் பொருந்த மாட்டேங்குது.

தூத்துக்குடி 1053:

எல்லாரும் 16 பிட் 16 பிட்னு சொல்றீங்க. மதுரைத் தம்பி கதையில பிட் எங்க குறைஞ்சுது? கரண்ட் போனதும் அதே 8 பிட் டாங்கிள்தானே அந்த மனுஷரைக் காட்டுச்சு? குறையா இருந்தது வீட்டு ஒயரிங்.

எங்க ஊர்ல ஆகாசவாணி 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். டாங்கிளை நேரா கம்பியில மாட்டினா 40 மீட்டர்ல எங்க வச்சாலும் நாதஸ்வரம். 7.060ல நம்ம ஆளுங்க பேசுறதுக்கு அடியில தவில். ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து டொராய்டு (வளையச் சுருள்) மூணு, செராமிக் கப்பாசிட்டர் நாலை வச்சு, கீழ் அலைவரிசையைத் தடுக்கிற ஹைபாஸ் ஃபில்டர் ஒண்ணு பத்தவச்சேன். மாட்டின அந்த நொடி தவில் நின்னுபோச்சு. வீடு அவ்வளவு அமைதியா இருந்ததே இல்ல. எழுந்து போய் டாங்கிள்தான் செத்துப்போச்சோன்னு தொட்டுப் பார்த்தேன்.

இனி பெட்டி வாங்குறவங்களுக்கு. முதல்ல மெயின் சுவிட்சை இறக்கிட்டு பேட்டரியில கேளுங்க. இரைச்சல் போச்சுன்னா குற்றவாளி உங்க வீட்டுக்குள்ள. ஒவ்வொரு சுவிட்சா ஏத்திப் பாருங்க. எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், இதுல ஒண்ணுதான். போகலைன்னா பக்கத்து வீடு. ஆன்டெனா கேபிளான கோஆக்ஸை ஃபெரைட் வளையத்துல பத்து சுத்து சுத்துங்க, இரைச்சல் பெரும்பாலும் கேபிளோட வெளிச் சட்டை வழியாத்தான் ஏறி வரும். சிக்னலைப் பெருக்குற கெய்னை முழுக்கத் திருப்பாதீங்க. ஆன்டெனாவைச் சொருகினா இரைச்சலோட அடிமட்டம் கொஞ்சம் ஏறணும், அதுவரைக்கும் போதும். கம்பியை வீட்டைவிட்டு எவ்வளவு தள்ளிக் கட்டுறீங்களோ அவ்வளவு நல்லது, நாலு மீட்டர்கூட வித்தியாசம் காட்டும். யுஎஸ்பி நீட்டிப்பு ஒயரை லேப்டாப் சார்ஜரோட சேர்த்துக் கட்டாதீங்க. அந்தப் பெட்டி வந்ததும் முதல்ல பார்க்கவேண்டியது, உள்ள ஒவ்வொரு பேண்டுக்கும் தனித்தனி ஃபில்டர் வச்சிருக்கானா இல்லையான்னுதான். அனுப்புற வசதி இருந்தா ஹாம் லைசென்ஸ் இல்லாம அந்தப் பட்டனைத் தொடாதீங்க. லைசென்ஸ் பரீட்சை ஒண்ணும் மலை இல்ல.

கோவை ரெண்டு மீட்டர்:

சார், நான் ஃபில்டர் பத்திக் கேட்கல. பணத்தைப் பத்திச் சொன்னேன். பிட் முக்கியமில்லைன்னும் சொல்லிட முடியாது. உங்களுக்கு ஒரே ஸ்டேஷன், வடிகட்டினீங்க. எங்க பக்கம் எஃப்எம் கோபுரம், செல் கோபுரம்னு என்னென்னவோ நாலாப் பக்கமும் அடிக்குது. எதையெல்லாம் வடிகட்டுறது? அங்கே பிட் அதிகமான ஏடிசி (சிக்னலை எண்ணா மாத்துற சிப்) வேணும்.

நாகர்கோவில் டிஷ்:

சண்டை வேண்டாமே. நான் கேட்டதைச் சொல்றேன்.

ஹாம்காரங்க பேசுற சாட்டிலைட் கியூஓ-100க்காக, வீட்டுல சும்மா கிடந்த டிடிஎச் டிஷ்ஷை எடுத்தேன். டிடிஎச்க்கு அது தலைக்கு மேல பார்த்துக்கிட்டிருந்தது. இதுக்கு மேற்கே, சுமார் 30 டிகிரி உயரத்துக்குச் சாய்க்கணும். டிஷ் ஏறக்குறைய சுவர் மாதிரி நிமிர்ந்து நிக்கும், மாமியார் "இது யாரைப் பார்க்குது?"ன்னு கேட்டாங்க. டிஷ் முன்னாடி இருக்கிற பழைய எல்என்பி (சிக்னலை வாங்கி அலைவரிசையை இறக்குறது) ஒத்துவரல, 9750 மெகாஹெர்ட்ஸ் இறக்குறது ஒண்ணு வாங்கினேன். 739.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல வச்சா டாங்கிள்லயே எல்லாரும் தெரியுறாங்க.

வெயில் ஏற ஏற எல்என்பி சூடாகி அலைவரிசை நகரும், பேசுறவங்க குரல் கீச்சாயிட்டே போகும். மவுஸ் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி ஒரு குரலைப் பின்தொடர்ந்துக்கிட்டிருந்தேன். நிதானமான ஆள், சுத்தமான இங்கிலீஷ். கால்சைன் டிபி0ஜிவிஎன். தேடினேன். அண்டார்டிகா, ஜெர்மனிக்காரங்களோட நியூமாயர் நிலையம். சுத்தி பனி மட்டும். நான் இங்க ஓட்டு வீட்டு முற்றத்துல வேர்த்து ஒழுகி உட்கார்ந்திருக்கேன், முந்தானையால டாங்கிள் சூட்டைத் துடைக்கிறேன். அவர், "வேற யாராவது இருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டுக் காத்திருந்தார். யாரும் வரல. மறுபடி கேட்டார்.

நான் இருந்தேன். அனுப்ப எங்கிட்ட ஒண்ணுமில்ல. அந்தச் சாட்டிலைட்டுக்கு 2400 மெகாஹெர்ட்ஸ்லதான் அனுப்பணும், அந்தப் பெட்டி அதுல அனுப்புமா? அது தெரிஞ்சா எனக்குப் போதும். லைசென்ஸ் இருக்கு.

மதுரை மொட்டைமாடி:

தூத்துக்குடி சார், நேத்து மெயினை இறக்கிப் பார்த்தேன். மஞ்சள் குறையவே இல்ல. சரின்னு கீழ்வீட்டு அக்காகிட்ட போய், "அக்கா, அஞ்சு நிமிஷம் எல்லாத்தையும் அணைக்கலாமா?"ன்னு கேட்டேன். ஒவ்வொண்ணா அணைச்சாங்க. மீன் தொட்டி அடாப்டரைப் பிடுங்கினதும் என் மகன் மாடியிலேர்ந்து "அப்பா, நீலம்!"னு கத்தினான். பாதி நீலம்தான், மிச்சம் வேற எங்கேயோ இருந்து வருது. அக்காவுக்கு வேற அடாப்டர் வாங்கிக் கொடுத்தாச்சு.

இன்னிக்கு பத்தரைக்கு 7.020ல உட்காருறேன்.