காருக்குள் பெட்ரோல் வாடை, ஆனால் கசிவு எங்கேயும் தெரியவில்லை – பெங்களூர்

ஈஜிபுரா கார்க்காரன்:
வணக்கம். 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். வீடு ஈஜிபுரா, ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டி. கொஞ்ச நாளாகக் காருக்குள் பெட்ரோல் வாடை தூக்கி அடிக்கிறது. சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது தாங்கவே முடிவதில்லை. கண்ணாடியை இறக்கினால் பக்கத்து லாரிப் புகை. பின்சீட்டில் உட்காரும் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடுகிறது. ராத்திரி காரடியில் அட்டை விரித்து வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. மைலேஜ் குறையவில்லை, செக் எஞ்சின் லைட்டும் எரியவில்லை. சர்வீஸ் சென்டரில் பானெட்டைத் திறந்து முகர்ந்துவிட்டு, "டேங்க் ஃபுல் பண்ணாதீங்க சார், சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கே தேடுவது?

கம்மனஹள்ளி வாசி:
எலி. யோசிக்கவே வேண்டாம். இந்த ஊர் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்டில் நிறுத்துகிற காரில் பாதிக்கு எலிதான் ஓனர். எஞ்சின் பக்கம் ஃப்யூவல் ஹோஸில் (பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்) பல் தடம் இருக்கிறதா பாருங்கள்.

ராஜி, பானஸ்வாடி:
தேடுவது இருக்கட்டும், அதற்கு முன்னால் பேஸ்மெண்ட்டிலிருந்து வண்டியை வெளியே எடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மூடிய இடத்தில் தரையோடு தேங்கி நிற்கும். ஒரு ஸ்விட்சின் பொறி போதும். சொட்டு விழவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை.

பழைய ஸ்பேனர்:
தம்பி, அந்தம்மா சொன்னதை முதலில் செய்யுங்கள். அப்புறம் எனக்கு மூன்று பதில் வேண்டும். டேங்க் ரொப்பின அன்றைக்குத்தான் வாடை தூக்கலா, பாதிக்குக் கீழே போனால் குறைகிறதா? வாடை முன்னாலா, பின்சீட்டிலா? ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் போட்டால் குறைகிறதா, அப்படியே இருக்கிறதா?

ஈஜிபுரா கார்க்காரன்:
அண்ணே, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். ரொப்பின அன்றைக்கு உயிர் போகிறது. பாதிக்கு வந்தால் சுத்தமாக இல்லை. வளைவில் திரும்பும்போது ஜாஸ்தி, அதுவும் பின்னால்தான். ஏசியை எப்படி வைத்தாலும் அதே வாடை. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: போன வருஷம் வெளியே ஒரு கடையில் பெட்ரோல் பம்ப் மாற்றினோம்.

பழைய ஸ்பேனர்:
அதை முதலிலேயே சொல்லியிருந்தால் எலிக்குக் கெட்ட பெயர் வந்திருக்காது.

எஞ்சின் பக்கம் கசிந்தால் வாடை வைப்பர் கீழே இருக்கும் காற்று வழியாக உள்ளே வரும், உள்காற்றில் போட்டால் குறையும். உங்களுக்குக் குறையவில்லை. ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டர், அதிலிருந்து ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு, இதில் எது பழுதானாலும் ரொப்பினதும் வாடை வரும். பங்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் தொகையை ரவுண்டாக்க இரண்டு அழுத்து அழுத்தினால் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் போய்விடும், அந்தப் பழக்கம் இருந்தால் விடுங்கள். ஆனால் வளைவில் கூடுகிறது என்பதுதான் விஷயம். டேங்க் மேல்மூடி வரை பெட்ரோல் அலசுகிறது, அங்கே வழி இருக்கிறது. டேங்க் தலையில் பம்ப் அசெம்பிளி உட்காரும் இடத்து ரப்பர் சீல் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

பின்சீட் குஷனைத் தூக்குங்கள். கீழே தகட்டு மூடி இருக்கும். அதைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், அதற்கு மேல் எதிலும் கை வைக்க வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள்.

ஓசூர் பஸ் பயணி:
இ20 பெட்ரோலால், அதுதான் 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ரப்பர் போயிருக்குமோ?

பழைய ஸ்பேனர்:
இருக்கலாம். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளுக்கு அதற்கேற்ற ரப்பர். பழைய வண்டியில் ஹோஸ் சீக்கிரம் இறுகலாம், வெடிப்பு விடலாம். ஆனால் கை வைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

ஈஜிபுரா கார்க்காரன்:
அண்ணே, பார்த்துவிட்டேன். பம்பைச் சுற்றி இருக்கும் தூசி ஒரு பக்கம் வெறும் தூசியாக இருக்கிறது. இன்னொரு பக்கம் பிறை வடிவத்தில் நனைந்து, கறுத்து, களிம்பு மாதிரி ஒட்டியிருக்கிறது. மூடியைத் திறந்ததும் வாடை குப்பென்று அடித்தது.

பழைய ஸ்பேனர்:
பழைய சீலையே திரும்பப் போட்டிருப்பார்கள். பெட்ரோலில் ஊறின சீல் உப்பிவிடும், பள்ளத்தில் உட்காராது. அமுக்கி, பம்பை இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங்கைத் திருகினால் ஒரு இடத்தில் மடங்கிக்கொள்ளும். புது சீல் வாங்கிக்கொண்டு நல்ல மெக்கானிக்கிடம் போங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் வேண்டாம். வேலை திறந்தவெளியில்தான். பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓட விட்டால் லைனில் பிரஷர் இறங்கும். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். தூசியைத் துடைக்காமல் ரிங்கைத் திறந்தால் அவ்வளவும் டேங்குக்குள். இரும்பு உளியும் சுத்தியலும் வைத்துத் தட்ட வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், பொறி பறக்கும். முடிந்ததும் உடனே மூடியைப் போட விடாதீர்கள்: சாவியை இரண்டு மூன்று தடவை ஆன் பண்ணிப் பிரஷர் ஏற்றி, ஈரம் வருகிறதா என்று பாருங்கள்.

ஈஜிபுரா கார்க்காரன்:
ஜே.சி.ரோட்டில் சீல் கிடைத்தது, விவேக் நகரில் ஒருவர் மாற்றித் தந்தார். பழைய சீல் ஒரு இடத்தில் அப்பளம் மாதிரி நசுங்கி இருந்தது. புதுசோடு வைத்துப் பார்த்தால் சுற்றளவே பெரிதாகிவிட்டது. ஆட்டோ கட் வரை ரொப்பிக்கொண்டு ஓசூர் வரை போய் வந்தோம். அம்மா வழியெல்லாம் தூங்கினார். ரொம்ப நன்றி அண்ணே.

ஓசூர் பஸ் பயணி:
அண்ணா, என் அண்ணன் வண்டியில் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வாடை, சூடானதும் போய்விடுகிறது. இதே சீல்தானா?

பழைய ஸ்பேனர்:
இல்லை, அது முன்பக்கம். குளிரில், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சுருங்கி லேசாகக் கசியும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் பண்ணின உடனே இன்ஜெக்டர் அடியில் ஈரம் தெரிகிறதா பாருங்கள், சூடான பிறகு பார்த்துப் பயனில்லை. ஹோஸ் மாற்ற வேண்டி வந்தால் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கான எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சடித்ததைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டிவிடுகிற கடைகளும் இருக்கின்றன.