பாபநாசம் படித்துறைத் துணி: ஆளும் வேணும், யோசனையும் வேணும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி.

ஒரு சேவை அமைப்போட சேர்ந்து ஞாயித்துக்கிழமை காலையில பாபநாசம் படித்துறையில பழந்துணி எடுக்கோம். பரிகாரம், திதின்னு வர்றவங்க முங்கி எந்திரிச்சதும், உடுத்திருந்ததை அப்படியே தாமிரபரணியில விட்டுட்டுப் போயிருதாங்க. வேட்டின்னா உருவினா வந்துரும். இந்த பாலியஸ்டர் சேலை இருக்கே, பாறை இடுக்குல முறுக்கிக்கிட்டு, மடிப்புக்குள்ள மணல் ஏறி, ரெண்டு பேரு இழுத்தாலும் அசையாது. பொரிக்கு வார மீனெல்லாம் அதுக்குள்ளதான் நுழைஞ்சு திரியுது. ஆத்துல துணியை விட்டாத்தான் பாவம் போகும்னு யாரு சொல்லிவச்சாங்களோ!

ஆடி அமாவாசை வருது. பாபநாசத்துக்கும் சொரிமுத்தையனார் கோவிலுக்கும் வர்ற கூட்டம் உங்களுக்கே தெரியும். மறுநாளே இறங்கணும். நீச்சல் தெரிஞ்சவங்க வந்தா நல்லது. தெரியாதவங்க கரையில நின்னு பிழிஞ்சு சாக்குல கட்டலாம்; உண்மையில அதுக்குத்தான் ஆள் பத்தல. அணையில தண்ணி கூடத் திறந்துவிட்டா அன்னைக்கு யாரையும் இறக்க மாட்டோம், வீட்டுல தைரியமாச் சொல்லிட்டு வாங்க.

ரப்பர் கையுறை, உரச்சாக்கு, அரைநாளைக்கு ஒரு லோடு ஆட்டோ, இதுல எது தந்தாலும் சரி.

இன்னொண்ணு. எடுத்த துணியை என்ன செய்யன்னுதான் முழிக்கோம். துவைச்சுக் கொடுத்தாலும் யாரும் உடுத்த மாட்டாங்க. கிழிச்சு ஒர்க்‌ஷாப்புக்குத் துடைக்க எடுக்கிறவங்க, மெத்தைக்கு அரைக்கிறவங்க யாரையாவது தெரியுமா? விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் பக்கம்னா வண்டிக்கூலி மிச்சம்.